வயல் காவல் பரணுக்குக் கயிற்றில் ஏறுவது: கையால் செய்யும் கருவிகளும் ஏறும் ஒழுங்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரிக்காலப் பெரும்போக நெல் குடலை தள்ளி, கதிர் விடத் தயாரானதும் இரவுக் காவலும் தொடங்கிவிடும். வரம்போரம் பன்றி கிண்டும். காட்டோரக் கண்டங்களில் யானை இறங்கும். பரண் கட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆட்கள் விழுவது பரணிலிருந்து அல்ல, பரணுக்கு ஏறும் வழியில்தான். ஆணி அடித்த படிச் சட்டங்கள் ஒரு மாரியில் உக்கிவிடும். சாய்த்து வைத்த ஏணியை யானை தள்ளிவிட்டுப் போனால் விடியும்வரை மேலேயே இருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் ஒரு கயிறு, ஓர் இடுப்புப் பட்டி, நாலைந்து முடிச்சுகளை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறி மணிக்கணக்காகத் தொங்கியபடி காத்திருக்கிறார்கள். அந்த முறையைத்தான் சில போகங்களாக வயல் காவலுக்கு நான் பயன்படுத்துகிறேன். ஊரில் இளம் பிள்ளைகள் பலருக்கும் பழக்கியிருக்கிறேன். அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்தே இந்த ஒழுங்கை அமைத்திருக்கிறேன். முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கயிற்றைத் தொடுங்கள். எட்டாம் படியைச் செய்து முடிக்காமல் ஒன்பதாம் படிக்குப் போக வேண்டாம்.

இது காவலுக்கான வழிகாட்டி. யானை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. மதுரு ஓயா, கல் ஓயா, குமண போன்ற தேசிய பூங்காக்களின் எல்லைக்குள் வேட்டையாடுவது குற்றம். உங்கள் வயலோரத்தில், உங்களுக்கு உரிமையுள்ள மரத்தில், அல்லது உரியவர் சம்மதித்த மரத்தில் ஏறுங்கள்.

1. மரத்தைப் பகலில் தெரிவு செய்யுங்கள்

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்குவது ஒரு கிளை. ஆகவே மரமே முதல் வேலை. அதையும் பகலில், மரத்தை முழுதாக ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் மருது, பாலை, வீரை, புளி ஆகியவை நம்பிக்கையானவை. முருங்கையும் இலவும் சொல்லாமல் முறியும், அவற்றை விட்டுவிடுங்கள். பெரிய வாகையின் நீண்ட படுத்த கிளைகளையும் நான் நம்புவதில்லை. தென்னையிலும் பனையிலும் கயிறு போடக் கவர், அதாவது கிளை பிரியும் இடம், கிடையாது. அவை வேறு தொழில்.

நல்ல இன மரமும் உள்ளே கோறையாக இருக்கலாம். வாய்க்கால் ஓரத்து முதிர்ந்த மருதுகளில் இது சாதாரணம். கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். நிறைந்த மரம் கல்லைப் போலச் சுருக்கமாக ஒலிக்கும், கோறை மரம் உரலைப் போல முழங்கும். அடியில் காளான் இருந்தாலும், பட்டை கழன்று பொடி கொட்டினாலும், அந்த மரம் வேண்டாம். 1978 நவம்பர்ப் புயலில் தலை முறிந்து மறுபடி தளிர்த்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மேற்கிளைகள் பார்வைக்குப் பருமனாக இருக்கும். ஆனால் அவை பிறந்தது முறிந்து உக்கிய தண்டின் விளிம்பிலிருந்து. தண்டோடு அவற்றின் பிடிப்பு ஆழமாக இராது. அப்படிப்பட்ட கிளையில் கயிறு போடாதீர்கள்.

கயிறு அமரும் கிளை பச்சையாக, குறைந்தது ஆறு அங்குலத் தடிப்பாக இருக்க வேண்டும். கயிறு அடிமரத்தோடு ஒட்டிய கவரில் அமர வேண்டும். கிளையின் நுனிப் பக்கம் நகர நகர நெம்பும் விசை கூடும், அதனால் அதே கிளை அதே ஆளைத் தாங்காமல் போகும். அடிமரம் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனாக இருக்கட்டும். மெல்லிய மரத்தை யானை தள்ளிச் சாய்க்கும்.

கடைசியாக, கிளைகளில் குளவிக் கூடும் தேன்கூடும் இருக்கின்றனவா என்று நிதானமாகத் தேடுங்கள். முசுற்றுக் கூடு இருந்தாலும் மரத்தை மாற்றுங்கள். கயிற்றில் இருப்பவருக்குக் கையை விட்டுவிட்டுத் தட்ட முடியாது.

2. எதை வாங்குவது, எதைச் செய்வது

புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பொருள் போய்விட்டால் வேறொன்று உங்களைப் பிடித்துக்கொள்ளுமா? பிடிக்கும் என்றால் கையால் செய்யலாம். பிடிக்காது என்றால் முத்திரை குத்திய பொருளை வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை நான்கு: ஏறுகயிறு, பிடிமுடிச்சு வளையத்துக்கான (ஏறுகயிற்றைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) மெல்லிய கயிறு, திருகுப் பூட்டுள்ள காரபைனர்கள் (வாய் திறந்து மூடும் உலோகக் கொளுக்கிகள்), உடற்பட்டி. இவை கொழும்பில் தொழிற்பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

காரபைனரின் உடம்பில் கிலோ நியூட்டன் கணக்கில் ஒரு எண் பொறித்திருக்கும். 20க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ பாரம். சாவிக்கொத்து மாட்டும் கொளுக்கியும் மாட்டுக் கயிற்றுக் கொளுக்கியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண் இல்லாதது எதுவோ அது உயிருக்கு அல்ல.

உடற்பட்டி வாங்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கட்டட வேலைக்காரர்களுக்கென விற்கும் முழு உடற்பட்டி நல்லது. ஆனால் சிலவற்றில் முதுகுப் பக்கம் மட்டுமே வளையம் இருக்கும். அது விழுந்தவரைப் பிடிப்பதற்கு, உட்கார்ந்து ஏறுவதற்கு அல்ல. வயிற்றுக்கு நேரே முன்பக்க வளையமும் இடுப்பின் இரு பக்க வளையங்களும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வானின் ஆசனப் பட்டியை வெட்டித் தையற்காரரிடம் கொடுத்து உடற்பட்டி தைத்தவர்கள் உண்டு. பட்டி பலமானதுதான். ஆனால் அது எத்தனை வருடம் வெயில் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. சாதாரணத் தையல் நூலோ ஒரு மாரியில் இற்றுவிடும். இந்த ஒன்றை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

கையால் செய்யக் கூடியவை: பிடிமுடிச்சு வளையங்களை முடிவது, கால்மிதி, மரச்சுற்றுக் கயிறு, எறிபை, கிளையுறை, பொருள் இழுக்கும் கயிறு, கயிற்றுப் பை. பணம் மிச்சமாவது இங்கேதான். உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவு அமைவதும் இங்கேதான்.

3. ஏறுகயிறு: வாளித் தண்ணீர்ச் சோதனை

கயிறு 12 மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே நார்க்கற்றையும் மேலே பின்னிய உறையும் கொண்டது, அதிகம் நீளாத வகை. சிட்டையில் ஈ.என். 1891 (ஐரோப்பியத் தர எண்) ஏ வகை என்றிருந்தால் அது குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்கும். 70 கிலோ ஆளுக்கு ஏன் 2,200 கிலோ தாங்கும் கயிறு என்று கேட்பார்கள். முடிச்சு ஒன்று போட்டதும் கயிற்றின் பலத்தில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ போய்விடும். மாரியில் நனைந்த நைலோன் 10 முதல் 15 வீதம் வரை பலம் இழக்கும். தளர்ந்த கயிற்றில் மூன்றடி விழுந்து நின்றாலே உடற்பாரம் பல மடங்காகக் கயிற்றைத் தாக்கும். அந்தப் பெரிய எண் இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான்.

வாழைச்சேனையிலும் ஒலுவிலிலும் படகுக்குக் கட்டும் நீலக் கயிறும் பச்சைக் கயிறும் மலிவு, பார்வைக்கும் தடிப்பு. அதை வாங்கிவந்து ஏற நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு சாண் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பொலித்தீன் அல்லது பொலிபுரோப்பிலீன். தாழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். மிதக்கும் கயிறு படகுக்கு உகந்தது. உராய்வை நம்பி ஏறுபவருக்கு ஆகாது. பொலித்தீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலும் பொலிபுரோப்பிலீன் 165 பாகையளவிலும் உருகும். நைலோன் உருகுவது 220 பாகையளவிலோ அதற்கு மேலோதான். முடிச்சு கயிற்றில் வழுக்கி இறங்கும்போது பிறக்கும் சூடு சிறிதல்ல.

இதை நான் கற்றது நீலக் கயிற்றில்தான். முதற் போகத்தில் அதில் வளையம் கட்டி, விளாத்தி மரத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கினேன். நிலத்துக்கு நாலடி இருக்கும்போது எரிந்த பொலித்தீன் மணம் வந்தது, முடிச்சு பிடியை விட்டது, குந்தியபடி விழுந்தேன். அவிழ்த்துப் பார்த்தபோது வளையத்தின் உட்பக்கம் நாரே இல்லை. கண்ணாடி வளையல் போல வழவழவென்று உருகி இறுகியிருந்தது. அதே முடிச்சு இருபதடியில் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நீளம்: நாம் பயன்படுத்தப்போவது இரட்டைக் கயிற்று முறை (ஏழாம் படியில் விளக்கியிருக்கிறேன்). முப்பதடிக் கவர் என்றால் போக முப்பது, வர முப்பது, முடிச்சுகளுக்கும் நிலத்தில் கிடக்கும் மிச்சத்துக்கும் பதினைந்து. நூறடி வாங்கினால் மரச்சுற்றுக் கயிற்றுக்கும் பன்னிரண்டடி வெட்டலாம். வெட்டிய நுனிகளை நெருப்பில் காட்டி உருக்கி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறையும் உள்நாரும் தனித்தனியே நழுவும்.

4. பிடிமுடிச்சு வளையங்கள்

ஏறுவதற்கும் நிற்பதற்கும் இறங்குவதற்கும் இந்த வளையமே ஆதாரம். பாரம் ஏறினால் இறுகும், பாரம் எடுத்தால் நழுவும். இதைப் புரூசிக் முடிச்சு என்பார்கள்.

வளையத்துக்குக் கயிறு 8 மில்லிமீற்றர் நைலோன். ஏறுகயிற்றின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு என்பது கணக்கு. அதைவிடத் தடித்தால் முடிச்சு கயிற்றைக் கவ்வாது. மெலிந்தால் இறுகி, அவிழ்க்க விரல் நகம் போகும். 'தடித்தது பலம்' என்று எண்ணி 12க்கு 12 கட்டியவர்களை நிறையவே கண்டிருக்கிறேன்.

ஐந்தடித் துண்டு வெட்டுங்கள். இரண்டு நுனிகளையும் இரட்டை மீனவர் முடிச்சால் இணையுங்கள். ஒவ்வொரு நுனியும் மற்றதன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றித் தன் சுற்றுகளுக்கு உள்ளே நுழைய வேண்டும். பின் இரண்டும் ஒன்றோடொன்று முட்டி இறுக வேண்டும். நுனி வால்கள் நான்கு விரல் அகலம் வெளியே நிற்கட்டும். புதியவர்கள் அழகுக்காக வாலை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். முடிச்சு பாரத்தில் அமரும்போது வால் உள்ளே இழுபடும். வால் இல்லாத முடிச்சு அவிழ்ந்துபோகும்.

வளையத்தைக் கயிற்றில் கட்டும் விதம்: முடிச்சு இல்லாத பக்கத்தை ஏறுகயிற்றுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முடிச்சுள்ள பக்கத்தை முன்னால் சுற்றி அதற்குள் நுழையுங்கள். இறுக்காதீர்கள். அதே வழியில் இன்னும் இரண்டு தடவை, ஒவ்வொரு சுற்றும் முன்னதற்கு உள்ளே அமையும்படி நுழைத்து, மெதுவாக இழுங்கள். சரியாக அமைந்தால் ஏறுகயிற்றின் மேல் ஆறு வரிகள் பக்கம் பக்கமாகத் தெரியும். நடுவில் குறுக்கே ஒரு பாலம் போல ஒரு வரி படுத்திருக்கும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஏறிய வரி பிடிக்காது. இருட்டில் கண்ணுக்கு முதல் விரல் இதைச் சொல்ல வேண்டும். அதனால் வீட்டுக் கதவு நிலையில் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது தடவை கட்டிப் பழகுங்கள்.

நான்கு வளையங்கள் செய்யுங்கள்: இடுப்புக்கு ஒன்று, கால்மிதிக்கு ஒன்று, மரச்சுற்றுக் கயிற்றுக்கு ஒன்று, பையில் மேலதிகமாக ஒன்று. இடுப்பு வளையம் கட்டி முடிந்தபின் கை மடங்கிய நிலையிலேயே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீளம் கூடினால் முடிச்சு கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். அப்போது உங்களால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. முதன்முறை ஏறியவர்கள் நடுவழியில் தொங்கிப்போனது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

5. கால்மிதி, மரச்சுற்றுக் கயிறு

கால்மிதிக்கு இரண்டு விரல் அகல நைலோன் நாடா அல்லது மிஞ்சிய 8 மில்லிமீற்றர்க் கயிறு போதும். பாதம் செருப்போடு நுழையும் வளையம் ஒன்றை எட்டு முடிச்சில் (8 என்ற இலக்க வடிவில் வரும் முடிச்சு) போடுங்கள். வளையத்துக்குள் ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயைக் கோத்துவிட்டால் அது விரிந்தே நிற்கும், இருட்டில் பாதம் தானாக இடம் கண்டுகொள்ளும். மேல் நுனி ஒரு பிடிமுடிச்சு வளையத்தோடு இணையும். முழங்கால் மடிந்து பாதம் உயர்ந்த நிலையில் நீளத்தை அளந்து முடியுங்கள்; நின்றுகொண்டு அளந்தால் மிதிக்க இடம் இராது.

மரச்சுற்றுக் கயிறு பன்னிரண்டடி, ஏறுகயிற்றில் வெட்டிய துண்டு. ஒரு நுனியில் எட்டு முடிச்சு வளையம். அதில் காரபைனர் போட்டு இடுப்பின் ஒரு பக்க வளையத்தில் பூட்டுங்கள். மற்றப் பக்கம் மரத்தைச் சுற்றி வந்து, பிடிமுடிச்சு வளையம் ஒன்றின் வழியாக அடுத்த பக்க வளையத்தில் பூட்டப்படும். முடிச்சை நகர்த்தி மரத்தின் பருமனுக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு கட்டாயம். அது இல்லாவிட்டால் நகர்த்தும் வேகத்தில் கயிறு வளையத்தை விட்டே வெளியேறிவிடும்.

6. எறிபை, கிளையுறை

கல்லைக் கட்டி எறிய வேண்டாம். கல் கிளையில் பட்டு எங்கும் தெறிக்கும், கவரில் சிக்கினால் வராது. பழைய காலுறையில் மணல் நிரப்பி, இறுகக் கட்டி, மேலே இன்னொரு துணியால் தைத்துக்கொள்ளுங்கள். 300 முதல் 400 கிராம் பாரம் போதும். மெல்லிய பின்னல் நைலோன் நூலை அதில் கட்டுங்கள். நூலை ஒரு வாளிக்குள் மடிப்பு மடிப்பாக விழவிட்டு வைத்தால் எறியும்போது சிக்காது. நிலத்தில் சுருட்டி வைத்தால் புல்லையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகும். நூலைக் கையில் சுற்றிக்கொண்டு எறியாதீர்கள்.

கிளையுறை என்பது இரண்டடித் தடித்த தண்ணீர்க் குழாய். இரட்டைக் கயிற்று முறையில் கயிறு கிளையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். உறை இல்லாவிட்டால் மரப்பட்டையும் தேயும், கயிறும் தேயும். குழாயின் ஒரு நுனியில் துளையிட்டு மெல்லிய நூல் கட்டுங்கள். ஏறுகயிற்றைக் குழாய்க்குள் கோத்து, கயிற்றின் முன் நுனியோடு குழாயை ஒட்டுநாடாவால் ஒரு சுற்று மட்டும் ஒட்டி, எறிநூலில் கட்டி இழுங்கள். குழாய் கவரில் அமர்ந்ததும் அதன் நூலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கயிற்றைச் சட்டென்று இழுத்தால் ஒட்டு விட்டுப்போகும். உறை அங்கேயே நிற்க, கயிறு ஊடாக ஓடி இறங்கும். முதல் இரண்டு மூன்று தடவை சரிவராது, பொறுமையாகச் செய்யுங்கள்.

7. கிளைக்கு எவ்வளவு பாரம் ஏறுகிறது

இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கயிற்றைக் கவரில் போடும் விதத்தைப் பொறுத்து, அதே ஆள் அதே கிளைக்கு இரு மடங்கு பாரமாக மாறலாம்.

ஊரில் பெரும்பாலானவர்கள் இயல்பாகச் செய்வது, கயிற்றைக் கிளைக்கு மேலால் போட்டு, ஒரு நுனியை அடிமரத்திலோ பக்கத்து மரத்திலோ கட்டிவிட்டு, மற்ற நுனியில் ஏறுவது. 70 கிலோ ஆள் ஒரு பக்கம் தொங்கினால், அவரைத் தாங்க மறுபக்கக் கயிறும் 70 கிலோ இழுவையில் நிற்க வேண்டும். இரண்டும் கீழ்நோக்கி இழுக்கின்றன. கிளைக்கு 140 கிலோ. கிணற்றுக் கப்பியின் கணக்கும் இதுவே.

இரட்டைக் கயிற்று முறையில் கயிற்றின் ஒரு நுனி உங்கள் முன்பக்க வளையத்தில் பூட்டப்படுகிறது. கயிறு மேலே போய்க் கவரைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில் இடுப்புப் பிடிமுடிச்சு. இரண்டு பக்கமும் உங்களையே தாங்குவதால் ஒவ்வொன்றும் 35 கிலோதான். கிளைக்கு 70 மட்டும். முடிச்சும் பாதிப் பாரமே சுமப்பதால் அதிகம் இறுகாது, இறங்கும்போது அதிகம் சூடாகாது. வேலை முடிந்தபின் கீழே நின்றபடியே கயிற்றை உருவி எடுக்கலாம்.

எந்த முறையானாலும் ஏறுமுன் இரண்டு பேர் சேர்ந்து இரு கயிறுகளையும் பிடித்து, கிளைக்கு நேர்கீழே நில்லாமல் ஒதுங்கி நின்று, முழுப் பாரத்தையும் கொடுத்து மூன்று தடவை இழுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு 'டக்' கேட்டாலும் அந்தக் கிளை வேண்டாம்.

8. முதலில் இறங்கப் பழகுங்கள்

ஏறத் தெரிந்தவருக்கு இறங்கத் தெரியாமல் போகும்போதே ஆபத்து. நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில், பகலில், ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் செய்யுங்கள்.

கயிற்றில் உட்காருங்கள். ஒரு கை முடிச்சுக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கட்டும். மற்ற உள்ளங்கையை முடிச்சின் தலையில் வைத்து மெல்லக் கீழே அழுத்துங்கள். முடிச்சு நழுவும், நீங்கள் இறங்குவீர்கள். கையை எடுத்ததும் முடிச்சு கவ்வும், நிற்பீர்கள்.

இங்கே உடம்பின் இயல்பே எதிரி. விழுகிறோம் என்று தோன்றியதும் கை எதையாவது இறுகப் பிடிக்கும். பிடிப்பது அந்த முடிச்சைத்தான். பிடித்த முடிச்சு கவ்வாது. பயத்தில் பிடித்துக்கொண்டே நிலம்வரை வந்து விழுவார்கள். என் தங்கையின் மகன் முதல் நாள் மூன்று தடவையும் இப்படித்தான் வந்து குந்தினான். "மாமா, கையை விட்டால் விழுந்துவிடுவேனே" என்றான். "விட்டால்தான் நிற்பாய், மருமகன்" என்றேன். நாலாம் தடவை அவன் இறங்கும்போது பின்னால் நின்று தகரத்தைத் தட்டினேன். திடுக்கிட்டுக் கையை விரித்தான். அந்த இடத்திலேயே நின்றான். அதன் பிறகே அவனை மேலே அனுப்பினேன். நீங்களும் யாரையாவது வைத்து இப்படித் திடுக்கிட வைத்துப் பழகுங்கள். திடுக்கிட்டால் கை தானாக விரியும்வரை பழக வேண்டும்.

ஏறுகயிற்றின் தொங்கும் நுனியில் பெரிய எட்டு முடிச்சு ஒன்று எப்போதும் இருக்கட்டும். கயிறு நிலத்தைத் தொடுகிறது என்று நினைத்து இறங்கி, நுனி தீர்ந்து விழுவதை அது தடுக்கும்.

9. ஏறுவது

புறப்படுமுன் ஒருவர் மற்றவரைத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும்: உடற்பட்டிக் கொளுவிகள், காரபைனர் திருகுகள், முடிச்சின் ஆறு வரிகள், நுனி முடிச்சு. கண்ணால் அல்ல, கையால்.

பிடிமுடிச்சு உள்ள பக்கத்துக் கயிற்றில், இடுப்பு முடிச்சுக்குக் கீழே, கால்மிதி வளையத்தைக் கட்டுங்கள். உட்கார்ந்து காலை உயர்த்திக் கால்மிதியை மேலே தள்ளுங்கள். மிதித்து எழும்புங்கள். எழும்பும்போதே ஒரு கையால் இடுப்பு முடிச்சை மேலே தள்ளித் தளர்வை வாங்குங்கள். மறுபடி உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஓரடி கிடைத்தால் நல்லது. கையால் இழுத்து ஏற முயல்பவர்கள் பத்தடியில் களைத்துவிடுவார்கள்; பாரத்தைக் கால் தூக்க வேண்டும், கை வழிகாட்ட மட்டும். முடிச்சு இறுகி நகராவிட்டால் பெருவிரலால் நடுப்பாலத்தைப் பின்னோக்கித் தள்ளுங்கள், இளகும்.

ஒவ்வொரு ஆறடிக்கும் நின்று, கால்மிதிக்குக் கீழே கயிற்றில் ஒரு எட்டு முடிச்சு வளையம் போட்டுக்கொண்டு போங்கள். பிடிமுடிச்சு வழுக்கினாலும் அந்த முடிச்சைத் தாண்டிப் போகாது.

களைத்தால் உட்காரலாம், ஆனால் காலைத் தொங்கவிட்டு அசையாமல் இருக்கக் கூடாது. தொடைப் பட்டிகள் இறுக்க, இரத்தம் காலில் தேங்கி, நல்ல திடகாத்திரமான ஆளும் சில நிமிடங்களில் மயங்கிவிடலாம். கால்மிதியில் மாறி மாறி மிதித்துக்கொண்டிருங்கள். தொங்கியபடி ஒருவர் மயங்கினால் தாமதமின்றி இறக்கி, 1990 அம்புலன்சை அழையுங்கள். இதனால்தான் தனியாக ஏறக் கூடாது. கீழே இருப்பவருக்கும் இதே முறை தெரிந்திருக்க வேண்டும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் இடி கேட்டாலும் ஏற வேண்டாம். வயல்வெளியில் தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தில்தான் மின்னல் விழும்.

10. பரணுக்கு மாறுவதும் இரவு இருப்பதும்

கயிறு அமரும் கவர் பரண் தளத்துக்கு ஏழெட்டு அடி மேலே இருக்க வேண்டும். பரண் மட்டத்திலேயே கயிறு போட்டால், விளிம்பில் ஏறிக் குனியும்போது முடிச்சு இடுப்புக்குக் கீழே போகும், கயிறு தளரும். அந்தத் தளர்வில் வழுக்கினால் வரும் அடிதான் மூன்றாம் படியில் சொன்ன பல மடங்கு அடி. பரண் தளம் நிலத்திலிருந்து இருபதடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பரண் மட்டத்துக்கு வந்ததும் முதல் வேலை, மரச்சுற்றுக் கயிற்றை இடுப்புக்கு மேலாக மரத்தில் சுற்றிப் பூட்டுவது. அது பூட்டி, பாரம் கொடுத்துப் பார்த்த பிறகே காலைத் தளத்தில் வையுங்கள். 'வந்து சேர்ந்தாயிற்று' என்ற நினைப்பில் இங்கேதான் பட்டியைக் கழற்றுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் சுற்றுக்கயிறு பூட்டியே இருக்கட்டும். உருண்டால் விளிம்பைத் தாண்ட விடாத அளவுக்குக் குறுக்கிவிடுங்கள்.

பிறகு ஏறுகயிற்றின் வாலை மேலே இழுத்துப் பையில் வையுங்கள். தொங்கும் கயிற்றை யானை இழுக்கும். தண்ணீர், டோர்ச், கம்பளி எல்லாம் தனிக் கயிற்றில் மேலே வரட்டும். அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு என்றால் தோட்டா அகற்றி, வாய் கீழே பார்க்க, அதே தனிக் கயிற்றில் கடைசியாக வர வேண்டும். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றில் ஏறாதீர்கள். பாரத்தில் விறைத்து நிற்கும் நைலோன், கத்தி உரசினாலே வெட்டுப்படும்.

யானை வெடி கொளுத்துவதாக இருந்தால் கயிறு இல்லாத பக்கமாகத் திரும்பிக் கொளுத்துங்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், உறையில் துளை விழும். விடிந்து கயிற்றில் அப்படி ஒரு துளை கண்டால் அந்தக் கயிற்றில் இறங்காமல், கீழே இருப்பவரை வேறு கயிறு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இறங்கும்போது ஒழுங்கு தலைகீழ்: ஏறுகயிற்றின் வாலை நிலம்வரை விட்டு, முடிச்சில் முழுப் பாரம் கொடுத்துப் பார்த்து, அதன் பின்னரே சுற்றுக்கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

11. கயிற்றை வைப்பதும் கழிப்பதும்

எங்கள் வயல் வாடிகளில் உழவு இயந்திரத்தின் பற்றரி, களைநாசினிப் போத்தல், எண்ணெய்க் கலன், கயிறு எல்லாம் ஒரே மூலையில் கிடக்கும். பற்றரி அமிலம் நைலோனைத் தின்றுவிடும், ஆவியே போதும். வெளியே நிறம்கூட மாறாமல் உள்ளே நார் செத்திருக்கும். ஆகவே கயிற்றுக்குத் தனிப்பை, அதுவும் வாடியில் அல்லாமல் வீட்டில், வெயில் படாத இடத்தில். சேறு பட்டால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சேற்று மணல் உறைக்குள் புகுந்தால் உள்நாரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கயிறு முழுவதையும் விரல்களுக்கிடையில் ஓடவிடுங்கள். ஓரிடம் பஞ்சு போல மெத்தென்று இருந்தால், அல்லது வளைத்தால் குச்சியைப் போல விறைத்து நின்றால், அந்தக் கயிறு முடிந்தது. பிடிமுடிச்சு வளையங்களில் மினுமினுப்பு ஏறினால் அவையும் முடிந்தன. என்னுடையவற்றை ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் புதிதாகக் கட்டுகிறேன்.

கழித்த கயிற்றை முழுதாகச் சுருட்டிக் கூரை வளையில் தொங்கவிடாதீர்கள். வீட்டில் இல்லாத நேரம் யாராவது எடுத்துக்கொண்டு மரமேறிவிடுவார்கள். அன்றைக்கே நாலடித் துண்டுகளாக வெட்டிப்போடுங்கள். கன்று கட்ட அந்த நீளம் போதும்.